கஸ்தூரி கடையின் சங்கிலி

கஸ்தூரி போய்விட்டாள் என்ற செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. பள்ளியில் மதிய இடைவேளை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். என்னோடு முன்பு வேலை பார்த்த ஓர் ஆசிரியை போன் செய்தார். "உங்க ஃப்ரெண்டு, அந்த மெண்டல் டெய்லர், செத்துப் போச்சாமே, தெரியுமா டீச்சர்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தூக்கா, மாத்திரையா?" என்று கேட்டார்.

மாரடைப்பு. தைத்துக்கொண்டிருந்தவள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். போன வருடம் அந்த ஆசிரியையின் கணவரைக் கொண்டுபோன அதே மாரடைப்புதான். அன்று நான் மாலையோடு போய் அந்த ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே தவிர, தூக்கா என்று கேட்கவில்லை.

அன்று மாலைக்குள் இன்னும் பலர் அதையே கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். இது அஞ்சலிதான், ஆனால் கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கிற அஞ்சலி அல்ல. கஸ்தூரி மேல் எனக்கு எவ்வளவு பிரியமோ, அவளுக்கு நடந்ததைச் செய்தவர்கள் மேலும், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தவர்கள் மேலும் அவ்வளவு ஆத்திரம். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வராது. அவளை 'அவள்' என்றுதான் எழுதுகிறேன், நெருக்கமானவள் என்பதால். அவளுடைய அண்ணன் தணிகாசலத்தை 'அவர்' என்று எழுதுகிறேன். எனக்கும் அவருக்கும் ஒரு நெருக்கமும் இல்லை.

படாளம் கூட்டு ரோட்டில் இறங்கியவர்களுக்கு அவள் கடையைத் தெரிந்திருக்கும். ஜி.எஸ்.டி. சாலை ஓரம், ஒரே அறை, முன்னால் இரும்பு கிரில், மேலே 'கஸ்தூரி லேடீஸ் டெய்லர்' என்று சிவப்பில் பெரிய போர்டு. கடைக்கு அந்தப் போர்டு பெரிதுதான். ஆனால் அது வாடிக்கையாளருக்காக எழுதியது இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே தணிகாசலத்தின் லாரி ஆபீஸ். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தால் தங்கையின் பெயர் கண்ணில் படவேண்டும் என்றே அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். "மதுராந்தகத்துல இதவிட நல்ல கடை கெடச்சது டீச்சர். அங்கருந்து அவனுக்கு என்னைத் தெரியாதே" என்றாள்.

நான் அவளை முதலில் பார்த்தது செங்கல்பட்டில், மனநல டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையில். எனக்கு மனச்சோர்வு நோய். இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அப்போது பள்ளியில் தைராய்டு என்று சொல்லியிருந்தேன். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல், அந்தக் கூடமே கேட்கும்படி வந்தது. "டீச்சர்! மதுராந்தகம் ஸ்கூல் டீச்சர்தான நீங்க? உங்களுக்கு இன்னா, தூக்கமா, அழுகையா? எனக்குக் குரல்." எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் விடவில்லை, எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னாத்துக்கு மூஞ்ச மூடிகினு கீறீங்க? சக்கர வியாதிக்கு வர்றவங்க யாரானா மூடிகினு வராங்களா?" அன்று அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த மாதம் நானே அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன்.

அவள் கதையை அளவெடுக்கும்போது சொல்வாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிறவள் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும், எங்கும் ஓட முடியாது. நாடாவைத் தோளில் வைத்தபடி ஆரம்பிப்பாள். செய்யூர் பக்கம் அவளுடைய ஊர். இருபதைத் தாண்டிய வயதில் நோய் வந்தது. மோட்டார் ஓடுகிற சத்தத்துக்குள் யாரோ தன் பேரைச் சொல்லித் திட்டுவதுபோல் கேட்டது. வீட்டில் சொன்னாள். மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். அந்தச் சமயத்தில் தணிகாசலத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் இல்லையா, அந்த விசாரிப்புக்குப் பயந்தார் அண்ணன். சவுக்குத் தோப்பின் நடுவே இருந்த மோட்டார் கொட்டகையில் தங்கையின் காலில் சங்கிலி போட்டுக் கட்டினார். பெங்களூரில் துணிக் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று ஊரில் சொன்னார். "மோட்டார் சத்தத்துல குரல் கேக்குதுன்னு சொன்னவளை மோட்டார் கொட்டாயிலயே கட்டினான் டீச்சர்" என்பாள். அதைச் சொல்லும்போது கை நிற்காது. இடுப்பளவு எடுத்து முடித்திருப்பாள்.

அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் கட்டை அவிழ்க்கவில்லை. ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கவேண்டுமே. அவளுக்குத் தினமும் சோறு போனது, அதுவரைக்கும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒரு வருடம் சவுக்குக்கு நல்ல விலை வந்தது. தணிகாசலம் கணக்காகத் தோப்பை வெட்டுக்கு விட்டார். மரத்தை விற்றவர், அந்த மரம்தான் இத்தனை நாளும் தங்கையை மறைத்து நின்றது என்பதை மறந்துவிட்டார். ஆட்கள் வெட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். கிளை கழிக்க வந்த பெண்கள் கொட்டகையைப் பார்த்தார்கள். மறுநாள் தோப்பே இல்லை. செய்யூர் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் கொட்டகை வாசலில் கட்டிக் கிடந்த கஸ்தூரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கிளை கழிக்க வந்த பெண்கள்தான் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டு அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தார்கள். "பஸ்ல ஒரு பொம்பள என்னைப் பாத்து கையாட்டுச்சு. நானும் ஆட்டினேன். அவ்ளோ நாள்ல அதான் எனக்குக் கெடச்ச மொத மரியாதை" என்பாள்.

மாத்திரையில் தேறினாள். குரல் முழுக்கப் போகவில்லை. "எப்பனா வரும். வந்துட்டுப் போன்னு சொல்லிட்டு ஓரம் அடிக்கப் பூடுவேன்." செங்கல்பட்டிலேயே தையல் கற்றுக்கொண்டாள். ஏன் தையல் என்று கேட்டேன். "பெங்களூர்ல துணிக் கம்பெனில கீறேன்னு ஊரு பூரா சொன்னானே, அந்தப் பொய்யில பாதியானா நெசமாவட்டும்னுதான்" என்றாள். கடை பார்த்ததும் முதல் வேலையாகப் பழைய மோட்டார் கொட்டகைக்குப் போய் அந்தச் சங்கிலியை எடுத்து வந்தாள். தினமும் சாயந்திரம் கடையை மூடும்போது அதைக் கிரில்லில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டுப் போடுவாள், சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்கும்படி. தணிகாசலம் ஒருமுறை ஆள் அனுப்பி, தன் செலவில் நல்ல ஷட்டர் போட்டுத் தருவதாகச் சொன்னார். "இது கெட்டி இரும்பு, எனக்குத் தெரியும்னு போய்ச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள். கணுக்காலில் சங்கிலி அறுத்த தழும்பு இருந்தது. புடவையை எப்போதும் கொஞ்சம் ஏற்றித்தான் கட்டுவாள். மறைக்கவேண்டியது தன் வேலையில்லை என்றாள்.

இங்கே அவளிடம் தைத்தவர்களையும் இரண்டு வார்த்தை கேட்கிறேன். தினப்படி ரவிக்கைக்கு அவளிடம் வருவீர்கள். கல்யாண ரவிக்கையை மட்டும் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், அந்தக் கை பட்டால் ஆகாது என்று. அவளுக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? "முகூர்த்த ஜாக்கெட் என்கிட்ட வராது டீச்சர். ஆனா அது கை ஏறலன்னா மொத நாள் பிரிச்சுத் தைக்க என்கிட்டதான் ஓடி வரும்" என்று சிரிப்பாள். உங்கள் வீட்டுப் பெண்கள் பலபேர் அவள் பிரித்துத் தைத்த ரவிக்கையில்தான் தாலி கட்டிக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மாமல்லபுரத்தில் பெண்கள் குழுக்கள் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். மனநலம் பற்றிப் பேச என் மூலமாக அவளைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறுவதற்கு முன்னால் அமைப்பாளர் ஒருவர் தனியாக அழைத்து, "உங்களுக்கு நடந்ததுன்னு சொல்லாதீங்கம்மா, தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்குன்னு சொல்லுங்க, நாகரிகமா இருக்கும்" என்றார். கஸ்தூரி தலையை ஆட்டிவிட்டு மேடை ஏறினாள். மைக்கைப் பிடித்து, "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி கீறா. அவ பேரு கஸ்தூரி, அது நான்தான்" என்று ஆரம்பித்தாள். கூட்டம் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை. அவள் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, தன் மகனை அறையில் வைத்துப் பூட்டித்தான் இங்கே வந்திருப்பதாகச் சொன்னாள். அந்த வாரமே கஸ்தூரி அந்தத் தாயையும் மகனையும் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள்.

கூட்டம் முடிந்து கடற்கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டோம். அவ்வளவு பேர் அழுதார்களே, நீ ஏன் அழவில்லை என்று கேட்டேன். "நான் அழுதா என்னைப் பாத்து ஐயோ பாவம்னுட்டு வூட்டுக்குப் பூடுவாங்க. சிரிச்சுகினே சொன்னாதான் ராத்திரி அவங்களுக்குத் தூக்கம் வராது" என்றாள். அண்ணனை மன்னித்துவிட்டால் மனசு லேசாகும் என்று டாக்டர் சொன்னதையும் அன்றுதான் சொன்னாள். அவரிடம் இவள் என்ன சொன்னாளாம் தெரியுமா? "என் மனசு லேசா இருந்தப்பதான் சார் பறந்துச்சு. இப்ப கொஞ்சம் கனமாவே இருக்கட்டும்." டாக்டரே சிரித்துவிட்டாராம். மன்னிப்பின் பெருமையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். சங்கிலியின் கனம் தெரிந்தவள் ஒருத்தியின் வாயால் அதற்குப் பதில் கேட்டுவிட்டேன்.

பிறகு அண்ணன் மகள் வெண்ணிலாவுக்கு இடம் பார்த்தார்கள். வெண்ணிலா செங்கல்பட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி ஆள் அனுப்பி விசாரித்தார்கள். வந்தவர்கள் லாரி ஆபீஸுக்கு எதிரே எந்தக் கடை இருக்கிறது என்று பார்த்து, நேராகக் கஸ்தூரியிடமே வந்து நின்றார்கள். அந்தக் குடும்பம் எப்படி, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். நான் அப்போது கடையில் இருந்தேன். "பொண்ணு தங்கம். கண்ண மூடிகினு கட்டலாம். அந்த வூட்ல ஒரு பைத்தியம் கீதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நான்தான் அது, குந்துங்க" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிரில்லில் தொங்கிய சங்கிலியையும் காட்டினாள். அவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். சம்பந்தம் நின்றுவிட்டது.

அன்று மாலை வெண்ணிலா வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "உங்க பழிய தீத்துக்க நான்தான் கெடச்சேனா அத்தை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கஸ்தூரி தையலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "உங்கப்பன் மேல பழி கீது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்டவுடனே ஓடினான் பாரு அந்த மாப்ள, அவன நெனச்சுப் பாரு. நாளைக்கு உனக்கு ஒரு நாள் தூக்கம் வரலன்னா, பெத்த புள்ளயப் பாத்து அழுகை அழுகையா வந்தா, அவன் உன்ன எங்க கட்டுவான்? அவன் வூட்ல தோப்பு கீதா, மாடி ரூம் கீதா?" வெண்ணிலா போய்விட்டாள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக் கொடுப்பாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து தணிகாசலம் அதையும் பார்த்தார். இதைவிடப் பெரிய தண்டனையை நான் யோசித்திருக்க முடியாது.

கஸ்தூரி இறந்த அன்று மாலை வெண்ணிலா என் வீட்டுக்கு வந்தாள். ரவிக்கைத் துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். தூக்க முடியாத கனம். "அப்பா மொதல்ல இதைத்தான் தேடுவாரு. உங்க வூட்லயே இருக்கட்டும் டீச்சர்" என்றாள்.

பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்தார் தணிகாசலம். ஷாமியானா, மைக், வந்தவர்களுக்குச் சாப்பாடு, ஒரு குறையும் இல்லை. திரையை விலக்கினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தில் இருந்த தலை மட்டும்தான் கஸ்தூரியுடையது. கழுத்துக்குக் கீழே பட்டுப்புடவையும் அட்டிகையும் போட்ட வேறு யாரோ ஒருத்தியின் உடம்பை ஒட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு சேலை எடுத்துத் தராதவர், செத்தபின் கம்ப்யூட்டரில் நகை பூட்டியிருந்தார். கால் வரைக்கும் படம் இல்லை.

நான் பேசப் போகுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், நல்ல தையல்காரி, நல்ல குணம்னு நாலு வார்த்தை சொல்லிட்டு எறங்கிடுங்க. அந்தப் பேச்செல்லாம் வாணாம். புள்ளைக்கு வேற எடம் வந்துகினு கீது." மேடை ஏறி, "கஸ்தூரிக்கு மனநோய் இருந்தது" என்று ஆரம்பித்தேன். அடுத்த வாக்கியத்துக்குள் மைக் நின்றுவிட்டது. தணிகாசலம் சவுண்ட் சர்வீஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்ததை நான் பார்த்தேன். பிறகு மைக் சரியாகி, அவரே பேசினார். "என் தங்கச்சிக்கு நான் ஒரு கொறையும் வெச்சதில்ல. அது யாருக்கும் ஒரு பாரமா இருந்ததில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசை தலையை ஆட்டியது. அந்தத் தலைகளில் பாதி செய்யூர் பஸ்ஸிலிருந்து அவளைப் பார்த்த தலைகள். குடும்பத்தாரோடு உட்கார்ந்திருந்த வெண்ணிலா எழுந்து வந்து, நானும் படாளத்துத் தையல் கடைக்காரிகளும் இருந்த வரிசையில் எங்களோடு உட்கார்ந்தாள். அதுதான் அன்று நடந்த ஒரே நல்ல காரியம்.

வெண்ணிலா கொண்டுவந்து கொடுத்த சங்கிலியை என் வீட்டு கேட்டில் போட்டுப் பூட்டினேன். என் வீடு மதுராந்தகத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. சென்ற வாரம் காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தணிகாசலம் வந்தார். நிறுத்தத்தில் நல்ல கூட்டம். கேட்டுக்கு வெளியே நின்று, "டீச்சர், அந்த இரும்பைக் குடுத்துடுங்க" என்றார்.

"எந்த இரும்பு?" என்றேன்.

"அதான், இந்தச் சங்கிலி."

"இது எதுக்கு உங்களுக்கு?"

"நாளைக்கு ஆளுங்க வராங்க டீச்சர், விசாரிக்க. உங்ககிட்டயும் வருவாங்க. பொண்ணப் பெத்தவன், பேஜாரு பண்ணாதீங்க."

"தங்கைக்கு ஒரு குறையும் வைக்கலன்னு மைக்குல சொன்னீங்களே. அப்ப இது யாரோட சங்கிலி?"

"கஸ்தூரியோடது."

"கஸ்தூரிக்கு எதுக்குங்க சங்கிலி? அவகிட்ட மாடு இருந்ததா, நாய் இருந்ததா?"

அவர் முகம் கறுத்தது. சங்கிலியைப் பிடித்து இழுத்தார். பூட்டு விடவில்லை. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடமாக அவர் தொண்டையில் கிடந்தது அப்போது வெளியே வந்தது. "ஆமா, நான்தான் கட்டினேன்! என் தங்கச்சிய இதே சங்கிலில தோப்புல நான்தான் கட்டிப் போட்டேன்! எனக்கு வேற வழி தெரியல! அதுக்கு இன்னான்ற இப்ப?"

பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. அவரும் திரும்பிப் பார்த்தார். சங்கிலியை விட்டுவிட்டு, "இப்பனா குடு டீச்சர்" என்றார், மெதுவாக. நான் கொடுக்கவில்லை. இரக்கம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. அப்படியும் கொடுக்கவில்லை.

மறுநாள் விசாரிக்க வந்தவர்களிடம் வெண்ணிலா தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையையும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். படித்துவிட்டு, "என் பேர மாத்தாதீங்க டீச்சர். தெரிஞ்சு வர்றவன் வரட்டும்" என்றாள்.

கஸ்தூரியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். முகத்தை மூடாமல் செங்கல்பட்டு பெஞ்சில் உட்காரும் பழக்கம். தைராய்டு என்று பொய் சொல்லாத வாய். லேசாகாத ஒரு மனசு. அப்புறம் அந்தச் சங்கிலி. தினமும் சாயந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டுகிறேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், இவ்வளவு சின்ன கேட்டுக்கு இவ்வளவு பெரிய சங்கிலியா என்று கேட்கிறார்கள். அவள் சொன்னபடியே, அழாமல், முதலிலிருந்து சொல்கிறேன். கதையின் கடைசியில் அவளுக்குக் கேட்கக் கொடுத்துவைக்காத ஒரு வரி இப்போது சேர்ந்திருக்கிறது. அது தணிகாசலம் சொன்ன வரி. ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல், அவர் குரலிலேயே சொல்லி முடிக்கிறேன்.